ஆளுக்கு இரண்டு அங்குலம்

காலை ஏழே காலுக்கு என் மகள் புதுச் சீருடையைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வந்தது சட்டைதான்; மகள் அதற்குள் எங்கோ இருந்தாள். விரல் நுனிகூடத் தெரியவில்லை. பாவாடை தரையைப் பெருக்கியது.

அன்று பள்ளி திறக்கும் நாள். அதே லட்சணத்தில் தைத்த அறுபது ஜோடிகள் முந்தின நாளே வீடு வீடாகப் போய்விட்டன.

அறுபதுகளின் தொடக்கம் அது. விழுப்புரத்தில் துணி எடுத்து வந்து, திண்டிவனத்தில் எங்கள் தெருவைச் சுற்றியிருந்த எட்டுப் பெண்களிடம் அளவுச் சீட்டோடு கொடுப்பேன். அவரவர் வீட்டிலேயே வெட்டித் தைப்பார்கள். பெண்கள் பள்ளியின் சீருடைதான் எங்கள் முதல் பெரிய ஆர்டர். அது வருஷா வருஷம் வந்தால்தான் எட்டு மெஷினும் ஓடும். இல்லாவிட்டால் மறுபடி ரவிக்கைக்குக் கொக்கி வைக்க வேண்டியதுதான்.

எட்டுப் பேரில் ஒருத்தியான எதிர்வீட்டுத் தையற்காரியிடம் ஓடினேன்.

"இன்னாங்கம்மா இப்டி கேக்குறீங்க? வளர்ற புள்ளைங்க. அளவா தைச்சா ஆறே மாசத்துல கிழிச்சிக்கினு நிக்கும். ரெண்டு இஞ்ச் கூட வச்சேன்."

"சீட்டுல இருக்கிறதைத்தானே தைக்கணும்?"

"சீட்டா வளருது? சரி, அதுல நீங்க எவ்ளோ கூட்டுனீங்க, சொல்லுங்க."

நானும் பெண்ணைப் பெற்றவள். இரண்டு அங்குலம் கூட்டித்தான் எழுதியிருந்தேன். எனக்கு முன்னால், பள்ளியில் பிள்ளைகளுக்கு அளவெடுத்த டிரில் டீச்சர் தன் பங்குக்கு இரண்டு சேர்த்ததை என்னிடமே சொன்னார். எவ்வளவு பொறுப்பான அம்மாள் என்று மெச்சினேன். தைத்த எட்டுத் தாய்மார்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே இரண்டு வைத்திருக்கிறார்கள். துண்டுத்துணி ஒன்றுகூடத் திரும்பி வராதபோது, என்ன சிக்கனம் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவளும் நான்தான்.

ஒன்பது மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் ஏரியைக் கடப்பதுபோல் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். கதவைத் தாழிட்டேன். இன்றும் பள்ளி திறக்கும் நாளில் நான் ஜன்னல் பக்கம் போவதில்லை.

நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. குடையோடு தலைமையாசிரியை. நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்தவங்க எல்லாருக்கும் பரம திருப்திம்மா. மூணு வருஷத்துக்குக் கவலையில்லேன்னு கும்பிட்டுட்டுப் போறாங்க. அதனால வர்ற வருஷம் நீங்க தைக்க வேண்டாம். அதுக்கடுத்த வருஷமும்தான்."