ஒருத்தருக்குப் போதுமான குண்டான்

என் மனைவி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன பிறகு, வெள்ளிக்கிழமைகளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திருப்பதிக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். மின்வெட்டுக் காலம் அது. எங்களுக்கு வெள்ளிதோறும் பவர் ஹாலிடே, அதாவது கரண்ட் இல்லாததால் தொழிற்சாலைக்கு விடுமுறை. திருச்சானூர் வாடகை வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடியாமல் நடக்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் பிச்சாட்டூர் போய், ஏரிக்கரையோரமாக வெகுதூரம் நடந்து, ஆளில்லாத இடத்தில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் திரும்புவது என்று திட்டம்.

முதல் தடவை வீட்டுக் குக்கரையே பையில் போட்டுக்கொண்டேன். அது நடை நெடுக முதுகெலும்பில் இடித்தது. பாதி வழியிலேயே தோள் விட்டுப்போய், பையை இறக்கி வைத்து, வாங்கி வைத்திருந்த பன்னைத் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த வாரம் திருப்பதியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். எல்லோரும் அடிகனமானதாகக் கேட்டுக்கொண்டிருக்க, நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தேன்.

“எந்தமந்திகி?” என்று கடைக்காரர் தெலுங்கில் கேட்டார்.

“ஒருத்தருக்கு.”

அவர் தமிழுக்கு மாறினார். “ஒருத்தருக்கு இன்னாத்துக்கு சார் பாத்திரம்? ஓட்டல்ல துன்னுட்டுப் போலாமே.”

“முதுவுல தூக்கிக்கினு நடக்கணும்.”

“மலைக்கா? மேல போனா சாப்பாடு போடறாங்களே!”

நான் அடுத்ததைத் தூக்கிப் பார்த்தேன். எவர்சில்வர் கனத்தது. நான்ஸ்டிக் கனமில்லை, ஆனால் விறகுத் தீயில் பூச்சு போய்விடும், நீட்டிய கைப்பிடி பைக்குள் அடங்காது. கடைசியில் பிடியில்லாத ஒரு சின்ன அலுமினியக் குண்டானையும் ஒரு இடுக்கியையும் எடுத்தேன். மூடியே தட்டாகும். அரிசி, பருப்பு, வெங்காயம், தீப்பெட்டி எல்லாம் அதற்குள்ளேயே அடங்கின.

அந்த வெள்ளிக்கிழமை கரையில் கல் கூட்டி, சுள்ளி வைத்து உலையேற்றினேன். செல்போன் அடித்தது, குவைத்திலிருந்து அவள்.

“இன்னா மாமா, துன்னியா?”

“இப்பத்தாம்மே அடுப்புல வெச்சிக்கீறேன்.” குண்டான் வாங்கின கதையைச் சொன்னேன்.

“அலுமினியமா? புளி ஊத்தாத, கறுத்துப்பூடும். மெல்லிசா இருந்தா அடி புடிக்கும், தீயக் கொறச்சி வெய்யி. இன்னா வெயிட்டு கீது?”

“வெரல்ல தூக்கலாம்.”

அவள் சொன்னாள்: “இங்க அண்டாவ நானும் அந்த சிலோன்காரப் பொண்ணும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சித்தான் எறக்குவோம். அவங்கல்லாம் துன்னு முடிச்சப்புறம் கிச்சன்ல நின்னுக்கினே துன்னுவேன். உனக்காவது குந்தித் துன்ன எடம் கீது.”

போனை அவள் வைத்த பிறகும் காதிலேயே வைத்திருந்தேன். சோறு தீய்ந்த வாசனை வந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் யாரோ எருமைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். கூப்பிட்டால் கேட்காத தூரம். மேலாக இருந்த சோற்றை மட்டும் எடுத்துச் சாப்பிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தாள். வந்த நாட்களில் பாதியைத் தூங்கியே கழித்தாள். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கித் தலைவார முடியவில்லை அவளால். கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். அடுப்பருகே வந்தவளை, “நீ குந்துமே” என்று நிழலில் உட்கார வைத்தேன். குண்டானில் ஒருத்தருக்குத்தான் வேகும். முதலில் வெந்ததை அவளுக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு மறுபடியும் உலை வைத்தேன்.

அவள் மூடியை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டாள். உப்பு குறைவு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் சொல்லவில்லை.

“இருந்துடேன்” என்றேன்.

“வீடு கட்டணும்ல மாமா” என்றாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

சென்னை விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனவள் ஒருமுறை திரும்பிக் கையை உயர்த்தினாள், இடது கையை. அடுத்த வெள்ளிக்கிழமை மழை பெய்தது. நான் எங்கும் போகவில்லை.