ஓடைக்குக் கொடுத்தது

என் அண்ணன் குப்பை வண்டி ஓட்டுகிறான். ஊரில் அவனுக்கு 'ஹாரன்' என்று பெயர். வீட்டில் வாயே திறக்க மாட்டான். வண்டியில் ஏறிவிட்டால் வளைவுக்கு வளைவு காதைக் கிழிப்பான்.

குப்பைக் கிடங்கு அடுத்த மலையில். வழியில் மண் சரிந்து பாதை மூடினால், டிரைவர்கள் எங்கள் வீடுகளுக்கு மேலே இருக்கும் வளைவில் நிறுத்தி, ஓடைச் சரிவில் கொட்டிவிடுவார்கள். 'ஓடைக்குக் கொடுக்கிறது' என்பது அவர்கள் பாஷை. முன்பெல்லாம் மழை மாதக்கணக்கில் தூறும். கொட்டியது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்விடும். அது யார் வாசலில் போய் நின்றது என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது மழையின் குணமே மாறிவிட்டது. மாதக்கணக்கில் கண்ணில் படாது. வந்தால் பருவம் முழுவதற்குமானதை ஒரே மூச்சில் கொட்டும். மண்ணும் அடிக்கடி சரிந்தது. ஓடைக்குக் கொடுப்பதும் கூடியது.

"அண்ணே, எல்லாம் அப்படியே கிடக்குதே," என்றேன்.

"ஒரு மழை வந்தா போயிடும்."

வந்தது. தையல் கடையில் இருந்த எனக்கு மத்தியானம் அண்ணனிடமிருந்து போன்.

"ரோட்டுக்கு அடியில போற குழாய் அடைச்சுக்கிச்சு. மெத்தை, மூட்டைன்னு எல்லாம் மாட்டிக் கிடக்கு. தண்ணி பின்னாடி குளமா நிக்குது. அண்ணியையும் பிள்ளையையும் மேட்டு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போ."

"இழுத்து எடுக்க முடியாதா?"

"எடுத்தா மொத்தமும் நம்ம வீட்டு மேலதான் இறங்கும். எடுக்கலன்னா ரோடு தாங்காது." ஊரையே அலறவைக்கிறவனின் குரல் நடுங்கியது. துணியை அப்படியே போட்டுவிட்டு அவன் வீட்டுக்கு ஓடினேன்.

சாலைக்குக் கீழே முதல் வீடு அவனுடையதுதான். அண்ணிக்கு ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்து இன்னும் தையல்கூடப் பிரிக்கவில்லை. பிள்ளையை என் மார்போடு கட்டிக்கொண்டு, அக்கம்பக்கத்துக் கதவுகளையும் தட்டிக்கொண்டே படி ஏறினேன். அண்ணி படிக்குப் படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னால முடியல. நீ பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடு."

"வாயை மூடிட்டு நடங்க அண்ணி," என்று கத்தினேன். மூத்தவளிடம் அப்படிப் பேசியதே இல்லை. பயம், வேறென்ன.

பள்ளிக்கூட வாசலை மிதித்தபோது அழுகல் நாற்றம் குப்பென்று வந்தது. பிறகுதான் சத்தம் கேட்டது. சாலை உடைந்து, அண்ணன் வீடு இருந்த இடத்தில் கறுப்புச் சேறும் பிளாஸ்டிக் பைகளும் ஓடின. பக்கத்து வீடுகளில் பாதி இல்லை. ஆட்கள் வெளியேறியிருந்தார்கள்.

அண்ணன் முழங்கால் வரை சேறோடு வந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் திட்டக்கூட இல்லை.

இரண்டு நாளில் பள்ளிக்கூடமே குப்பையாகிவிட்டது. அத்தனை குடும்பங்களின் சோற்றுப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், நனைந்த துணி. வானம் மறுபடி கறுத்தபோது குப்பை வண்டிகளுக்கு வேலை சொல்லும் மேஸ்திரி அண்ணனிடம் வந்தார்.

"வண்டியை எடுப்பா. நோய் வந்துடும்."

"கிடங்குக்குப் பாதை இல்லையே. எங்க கொட்டறது?"

"இந்த ஸ்கூலுக்கு மேல ஒரு வளைவு இருக்குல்ல, அங்க கொட்டு. இப்போதைக்குத்தான்."

அண்ணி பிள்ளையை இறுக்கிக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மாட்டேன் என்று சொல்வான் என்று காத்திருந்தோம். அவன் சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.