படகுக்குப் போன கதவு

செவிலிமேட்டு வீட்டில் மற்ற அறைகளுக்கெல்லாம் கடையில் வாங்கிய கதவு. என் அறைக்கு மட்டும் தேக்குக் கதவு. டவுனில் எங்கள் பழைய வீட்டுக்கு வாசல் கதவாக இருந்தது அது. சித்திர வேலை ஒன்றும் கிடையாது, வெறும் முழுப்பலகைதான். வெள்ளிக்கிழமை தவறாமல் நான் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறேன். அவர் போன பிறகு எனக்கு அந்த வேலை இல்லை என்றார்கள். துடைக்கிற வேலை மட்டும் என்னிடம் தங்கியது.

செவிலிமேட்டுக்கு வந்த புதிதில் கூடத்தில்தான் படுத்தேன். ஆட்கள் போவதும் வருவதுமாக இருக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். அஞ்சாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாததற்கும் பாதி அதுதான் காரணம். புடவை மாற்றுவதற்குக் குளியலறை ஈரத்தில் நிற்பேன், முந்தானை நனையும். அதனால் பின்னால் சாமான் போட்டிருந்த அறையைக் கேட்டேன். பழைய கதவை அதற்கு மாட்டித் தரச் சொன்னேன். என் மகனிடம் நான் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

மகனும் அவன் மச்சானும் சேர்ந்து ஏரியில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்திருந்தார்கள். பழவேற்காட்டுப் பக்கமிருந்து பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கி வந்தார்கள். அலுமினியம் ஆயுசுக்கும் உழைக்கும் என்று விற்றவன் சொன்னானாம். அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எஞ்சினைத் தாங்குவது படகின் பின்பக்கத்துப் பலகை. அது மரம். ஏரி நிரம்பி, மீன் பிடிக்க ஆரம்பித்த நேரத்தில் எஞ்சின் ஆடத் தொடங்கியது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தார்கள். படகைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் போட்டார்கள்.

"பொண்ணு புடிச்சிருக்கான்னு கேட்ட மாதிரி தலைய ஆட்டிக்கினே வந்துச்சி மாமா எஞ்சினு," என்றான் மச்சான்.

மகன் சிரிக்கவில்லை. இந்தத் தண்ணீர் இருக்கும்போதே பிடித்தால்தான் உண்டு.

தறிக்கு மரவேலை செய்யும் ஆசாரியைக் கூட்டி வந்தார்கள். அவர் மேல் தகட்டைக் கழற்றிவிட்டு உளியை வைத்தார். மரம் ஊறின புண்ணாக்கு மாதிரி கையோடு வந்தது.

"ப்ளைவுட்டு. ஓரத்துக்குப் பெயிண்டு கூட அடிக்கல. போல்ட்டு ஓட்டை வழியா தண்ணி குடிச்சிக்கினே இருந்திருக்குது."

"மறுபடியும் ப்ளைவுட்டே போட்டுடலாமா?" என்றான் மகன்.

"போடுபா. அடுத்த மழைக்கு நானே வந்து நோண்டித் தரேன்." உளியைத் துடைத்தார். "பழந்தேக்கா இருந்தா கண்ண மூடிக்கினு போடலாம். நல்லா காஞ்சிருக்கணும். புது மரம் வளைஞ்சிக்கும்."

இதெல்லாம் கூடத்து ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. எனக்கென்ன என்று குளித்துவிட்டு வந்து தாழ்ப்பாள் போட்டு, புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். கதவை யாரோ தட்டினார்கள்.

"இதோ வரேன்," என்றேன். அவசரத்தில் கொசுவம் சரியாக வரவில்லை. மறுபடியும் தட்டினார்கள், கொஞ்சம் கீழே. அரைகுறையாகச் சுற்றிக்கொண்டு திறந்தேன். ஆசாரி காதைக் கதவோடு வைத்து நின்றிருந்தார்.

"உங்கள கூப்பிடல பெரிம்மா. மரத்தத் தட்டிப் பாத்தேன்." பிறகு என் தலைக்கு மேலாக மகனைப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்குதுபா," என்றார்.

மகன் தரையைப் பார்த்தான். "ஒரு வாரம்தாம்மா. பிளாஸ்டிக் கதவு ஒண்ணு வாங்கி மாட்டிடறேன். கரையான் கூட வராது."

"இல்லப்பா, எனக்கு..." என்று ஆரம்பித்தேன். வெளி ஆள் நிற்கும்போது மீதியை எப்படிச் சொல்வது?

அடுப்படியிலிருந்து மருமகள் சொன்னாள்: "ஒரு ஸ்கிரீன கட்டிட்டா போதும். அத்தைய யாரு போயி பாக்கப் போறாங்க?"

அந்தச் சொல் இன்னும் எனக்கு ஆறவில்லை. வயதாகிவிட்டால் உடம்பு வீட்டுச் சாமான்களோடு சேர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். யாரும் பார்ப்பதில்லை என்பதனால் கூச்சம் போய்விடுமா? அது என்னுடையதல்லவா?

அரை மணியில் கதவு வாசலுக்குப் போயிற்று. ஆசாரி தாழ்ப்பாளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "பித்தளை பெரிம்மா, வெச்சிக்கோங்க." இழைப்புளி போட்டதும் என் மஞ்சள் கறையெல்லாம் சுருள் சுருளாக விழுந்தது. மருமகள் அதை வாரி வெந்நீர் அடுப்பில் போட்டாள். பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி இறுக்கினார். கனத்துக்கு என்று மச்சான் என் ட்ரங்குப் பெட்டியையும் தூக்கி வந்து அதன்மேல் வைத்தான்.

"இன்னா அத்தை, உள்ள தங்கமா வெச்சிருக்கீங்க?"

உள்ளே என் புடவைகளும் அவருடைய வேட்டிகளும்தான்.

உளுத்த பலகையை மேலே வைத்து அதே அளவுக்குத் தேக்கை வெட்டி, ஓரமெல்லாம் பெயிண்டு அடித்து, தகட்டுக்குள் இறக்கினார்கள். போல்ட்டு போட நான்கு ஓட்டை. எஞ்சினை மாட்டி மகன் இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. வேலையைக் குறை சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை படகுக்குப் பூசை போட்டு ஏரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு. நானும் வாசலுக்கு வந்தேன். மருமகள் பின்பலகையில் மூன்று விரலால் மஞ்சள் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டே மகனிடம் ஏதோ சொன்னாள். அவன் என்னிடம் வந்தான்.

"ம்மா, கற்பூரம் காட்டி முடிக்கற வரைக்கும் உள்ள இரும்மா. பலகை மாத்தி மொத மொத தண்ணில எறக்கறோம்."

சரி என்று உள்ளே போனேன். போய்ச் சாத்திக்கொள்ள ஒன்றும் இல்லை. கம்பியில் கட்டியிருந்த பழைய போர்வை மின்விசிறிக் காற்றில் தூக்கிக்கொண்டது. கட்டிலிலிருந்து பார்த்தால் கூடம், வாசல், படகு, மஞ்சள் எல்லாம் ஒரே நேராகத் தெரிந்தன. வாசலில் நின்றவர்களுக்கு நானும் அப்படித்தான் தெரிந்திருப்பேன். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

மீன் நன்றாகப் படுகிறது. எஞ்சின் ஆடுவதே இல்லை என்று மகன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். பிளாஸ்டிக் கதவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை. தாழ்ப்பாள் ட்ரங்குப் பெட்டியில் கிடக்கிறது. புடவை மாற்றுவதற்கு மறுபடியும் குளியலறை ஈரத்தில்தான் நிற்கிறேன்.