ஏழு ஒன்றுகள்

போன திங்கட்கிழமை காலை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ். முன்னால் பெண்கள் பக்கம் என் மனைவி செல்வி. பின்னால் ஆண்களோடு நான். நடுவில் ஒரு ஊரே நின்றுகொண்டிருந்தது. திடீரென்று முன்னாலிருந்து செல்வியின் கத்தல்.

"என்னங்க... கெடைச்சிருச்சு!"

மொத்த பஸ்ஸும் திரும்பி என்னைப் பார்த்தது. கண்டக்டருக்குக் கவலை.

"என்ன டீச்சர், கம்மல் கிம்மல் தொலைச்சிட்டீங்களா?"

"இல்லண்ணே... ஒரு நம்பரு!"

விஷயம் இதுதான். செல்வி கணக்கு டீச்சர். எம்.எஸ்ஸி. படித்தவள். பள்ளியில் அவளுக்குக் கொடுத்திருப்பதோ ஆறாம் வகுப்பு. பத்தாம் வகுப்புக் கணக்கை ஹெட்மாஸ்டர் யாருக்கும் விடமாட்டார். வருஷா வருஷம் கேட்பாள், வருஷா வருஷம் சிரிப்பார். இந்த முறை கேட்டபோது போர்டில் வரிசையாக ஏழு ஒன்றுகளை எழுதினாராம் — 1111111.

"இது பகா எண்ணும்மா. ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாது. லீவு பூரா உக்காந்து பாத்தவன் நான். இல்லன்னு காட்டுங்க... பத்தாவது உங்களுக்கு!"

நானாக இருந்தால் "சரிங்க சார்" என்று வந்திருப்பேன். பதினொரு லட்சத்துச் சொச்சத்தோடு யார் மல்லுக்கட்டுவது?

செல்வி விடவில்லை. ஞாயிறு முழுக்க யோசனை. குழம்பு அடிபிடித்தது கூடத் தெரியவில்லை.

"எல்லாத்தாலயும் வகுக்க வேணாங்க. மொத்தம் ஏழு ஒண்ணு. ஏழே ஒரு பகா எண்ணு. அதனால பதினாலால வகுத்தா மீதி ஒண்ணு வர்ற பகா எண்ணுதான் இதை வகுக்க முடியும். மத்ததைத் தொடவே வேணாம்!"

எனக்குப் புரிந்ததா? தலையை ஆட்டினேன். கல்யாணமானவர்களுக்கு இந்த ஆட்டல் தெரியும்.

29, 43, 71... எதுவும் மசியவில்லை. திங்கள் காலை, சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் எங்கள் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது 239 வந்து மாட்டியது. அதுதான் அந்தக் கத்தல்!

239 × 4649. ஹெட்மாஸ்டர் தானே சாக்பீஸ் எடுத்துப் பெருக்கினாராம். ஏழு ஒன்றும் பிசகாமல் வந்து நின்றன. ஸ்டாஃப் ரூமே கை தட்டியிருக்கிறது.

"இருநூறு வரைக்கும் பாத்துட்டு வுட்டுட்டேம்மா..." என்றவர், டைம்டேபிளில் தன் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார். பெரிய மனுஷன்தான்.

இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது விடை. நாமும் இப்படித்தானே... பாதியில் நிறுத்திவிட்டு, ‘இல்லவே இல்லை’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்?

செல்வி இப்போது பத்தாம் வகுப்பு டீச்சர். எனக்குப் பெருமை தாங்கவில்லை, பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சங்கடம் — வீட்டில் நான் ‘அதெல்லாம் நடக்காது’ என்று வாயெடுத்தால் போதும்...

"எதுவரைக்கும் வகுத்துப் பாத்தீங்க?"