உலகநாதன் வாசித்த ஒப்புதல் படிவம்

செய்தி வந்தபோது காலை ஒன்பது இருபது. அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் உலகநாதனுக்காகக் காத்திருந்தாள் ஜெசிந்தா. இருவரும் சேர்ந்துதான் சென்னைக்குக் கூட்டத்துக்குப் போக வேண்டும். போனில் அவர் மகன் ஹேமந்த், "அக்கா, நைனா போயிட்டாரு. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாரு. பொன்னேரி போறதுக்குள்ள..." என்றான். ரயில் வந்து போயிற்று. அவள் ஏறவில்லை.

தோணிரேவு உலகநாதன் ஏரியில் வலை இழுத்தவர், எட்டாவது வரை படித்தவர். சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் மூன்று வருடமாகப் பொதுமக்கள் சார்பில் உறுப்பினர். மனிதர்களிடம் ஒரு மருந்தைச் சோதிக்கும் முன் அந்தக் குழு சம்மதிக்க வேண்டும். மருத்துவம் படிக்காத ஒருவர் உட்காராமல் அந்தக் கூட்டம் செல்லாது.

சோதனைக்கு வருபவர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் எது வந்தாலும் முதலில் மனைவி முனியம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். அவள் மீன் ஆய்ந்துகொண்டே கேட்பாள். கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னால்தான் அந்த வரிக்குப் பென்சிலில் ஒரு டிக்.

சேற்றுப்புண்ணுக்கு ஒரு களிம்பைச் சோதிக்க அனுமதி கேட்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் களிம்பு. யாருக்கு எது என்பது குலுக்கலில். படிவம் மக்களுக்குப் புரிகிறதா என்று ஊரில் கேட்டு வந்தவள் அந்த ஆராய்ச்சியின் களப்பணியாளர் ஜெசிந்தா. நாற்பது பேரும் உடனே தலையாட்டியதில் அவளுக்குச் சந்தோஷம்.

"இன்னாம்மா, நாப்பது பேர்ல ஒருத்தன்கூட கேள்வி கேக்கலயா? எங்க ஊர்லயா?" என்றார் உலகநாதன்.

முனியம்மா நிமிராமலே சொன்னாள்: "கேக்க இன்னா இருக்கு? பாட்டுக்குச் சீட்டு போடற மாதிரிதானே. இந்த வாட்டி வெறுங்களிம்பு வந்தா அடுத்த வாட்டி மருந்து எனக்கு."

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏரியில் மீன் பிடிக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று நல்ல பாடு கிடைக்காதவனுக்கு இன்னொரு நாள் கிடைத்தே தீரும். காகிதத்திலிருந்த குலுக்கலில் முறை மாறாது. வெறும் களிம்பு விழுந்தவர் ஆறு மாதமும் அதையேதான் பூச வேண்டும். அப்புறமும் ஒன்றும் கிடையாது.

போன மாதக் கூட்டத்தில் உலகநாதன் இதைச் சொன்னபோது, ஆராய்ச்சி நடத்தும் டாக்டர் தனசேகர், "முறை மாறாதுன்னு ஒரு வரி சேர்த்துடலாம்" என்றார்.

"சேருங்க சார். அது ஒங்க கையைக் காப்பாத்தும், எங்க ஜனங்க காலைக் காப்பாத்தாது. களிம்பு கேக்குதுன்னு தெரிஞ்சா, வெறுங்களிம்பு பூசுனவனுக்கும் பின்னாடி அதைக் குடுங்க. அப்பதான் அது எங்க ஊர் சீட்டு."

யாரோ சிரித்தார்கள். உலகநாதனும் சிரித்தார். ஆனால் அந்தப் படிவத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் கேட்டபடி படிவத்தைத் திருத்தி எழுதினார்கள். வாசித்துப் பார்த்து அவர் சரியென்று சொல்லவே இன்றைய கூட்டம்.

தோணிரேவுக்குப் போகும் வழியில் ஜெசிந்தாவை தனசேகர் போனில் கூப்பிட்டார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்றார். வேறொருவரைத் தேட வேண்டும், புதிதாக வருபவர் இந்தத் திருத்தத்துக்கு என்ன சொல்வாரோ தெரியாது என்றார்.

முனியம்மா ஜெசிந்தாவைப் பார்த்ததும் எழுந்து போய், படிவம் இருந்த மஞ்சப்பையை எடுத்து வந்தாள்.

"நேத்து வாசிச்சாரு. எனக்குக் கண்ணு சொக்கிடுச்சு. மீதிய காலையில கேக்கறேன்னேன்."

படிவம் ஏழு பக்கம். ஐந்தாம் பக்கம் முடிய எல்லா வரிக்கும் டிக் இருந்தது. வெறும் களிம்பு பெற்றவர்களுக்கும் பிறகு மருந்து தரப்படும் என்ற வரி ஆறாம் பக்கத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் பென்சில் படவில்லை.