கெட்டித் தயிர் கட்டிய வாரம்

மகளுக்கு ஒரு வயது முடிந்த கையோடு நான் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டிய நாளும் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை சரவணம்பட்டியில் என் நாற்காலியில் நான் உட்கார்ந்தாக வேண்டும். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உடுமலையிலிருந்து மாமியார் வந்துவிட்டார். ஒன்றுதான் சரியில்லை. மகள் என்னிடம் பால் குடிப்பாளே தவிர வேறு எதையும் விழுங்கமாட்டாள். இட்லி, பருப்புச் சோறு, ராகிக் கூழ் என எதைக் கொடுத்தாலும் வாயில் வாங்கி, சற்று யோசித்து, என் உள்ளங்கையிலேயே பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவாள். நான் போன பிறகு பகல் முழுக்கப் பட்டினி கிடப்பாளோ என்று நினைத்தாலே எனக்கும் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கணவர் ஒரு சின்ன டப்பா கிரீக் யோகர்ட் என்கிற கெட்டித் தயிர் வாங்கிவந்தார், தனக்காக. ஜிம்மில் யாரோ சொன்னார்களாம். அவர் மூடியைப் பிரித்ததும் மடியில் இருந்த மகள் அதற்குள் கையை விட்டாள். கையை வாயில் வைத்தாள். திருப்பித் தரவில்லை. மறுபடியும் விட்டாள்.

"ஏனுங்க, முழுங்கிட்டாளுங்க!" என்று நான் கத்திய கத்தலில் மாமியார் ஈரத்தலையோடு ஓடிவந்தார்.

"எதை கண்ணு? காசையா? பட்டனையா?"

"தயிரைங்க அத்தை!"

"தயிரை முழுங்காம வேற என்ன பண்றது," என்று தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டார்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். சர்க்கரை இருந்தது, வாயில் நுழையாத பெயர்கள் சில இருந்தன. குழந்தைக்குத் தினமும் இதைக் கொடுப்பதாவது! வீட்டிலேயே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். உறைந்த தயிரை மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்தால் போதும். ஆனால் நான் துணியை ஒருமுறை கொதிக்க வைத்தேன். சோப்பு வாசம் இருக்குமோ என்று இன்னொருமுறை கொதிக்க வைத்தேன். மார்கழிக் குளிர்தானே என்று மூட்டையைச் சமையலறைக் குழாயில் தொங்கவிட்டேன். மாமியார் அப்போது குழந்தையுடன் மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

மாலையில் அவிழ்த்துப் பார்த்தால், கட்டியபோது இருந்ததைவிட நீர்த்துப்போய்க் கிடந்தது. அன்று எல்லோரும் மோர் குடித்தோம். அடுத்த நாளும் அதே கதி. அன்றைக்கு மோர்க்குழம்பு. பால் சரியில்லையோ, உறை பத்தவில்லையோ, என் கையே ராசியில்லையோ என்று செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். மாமியாரிடம் மட்டும் கேட்கவில்லை. தயிரைக் கட்டக்கூடத் தெரியாத மருமகள் வேலைக்குப் போய் என்ன கிழிக்கப்போகிறாள் என்று நினைத்துவிட்டால்? அவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "மோர்க்குழம்பு அருமை அம்மணி" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். மாமியார் ஒரு டம்ளரிலிருந்து தண்ணீரைக் கையில் அள்ளி என் மூட்டையின் மேல் தெளித்துக்கொண்டிருந்தார். அபிஷேகம் போல, அவ்வளவு பொறுமையாக.

"அத்தை, என்னங்க பண்றீங்க?"

"துணி காஞ்சா மொளை வராதில்ல கண்ணு. வேலைக்குப் போற நெனைப்புல நீ மறந்துபோட்டே. நாந்தான் வரப்போக ஒரு கை தெளிச்சுட்டு இருக்கேன்."

"என்ன மொளைங்க?"

"பச்சைப்பயறுதானே? பாப்பாவுக்குச் சத்துமாவு அரைக்க."

"அது தயிருங்க அத்தை."

அவர் மூட்டையைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். "அதான பார்த்தேன், பயறு ஏன் இப்படிப் புளிச்ச வாசம் அடிக்குதுன்னு! தண்ணி வேற லேசாப் பச்சையாச் சொட்டுச்சா, சரி பயறுதான்னு இருந்துபோட்டேன்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமியார் குழாயைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். என்ன என்று பார்க்க வந்த கணவருக்கு இரண்டு பேராலும் சொல்ல முடியவில்லை. கேட்டால் மாமியார் தப்பாக நினைப்பாரோ என்று நானும், கேட்டால் மருமகள் மனசு நோகுமோ என்று அவரும் வாயை மூடிக்கொண்டிருந்ததில் மூன்று நாள் தயிர் போயே போய்விட்டது.

அன்றிரவு புதிதாகக் கட்டித் தொங்கவிட்ட தயிர், யாரும் தண்ணீர் தெளிக்காததால், ஞாயிறு காலை வெண்ணெய் போலத் திரண்டிருந்தது. கரண்டியைக் கவிழ்த்தேன், விழவில்லை. கணவரைக் கூப்பிட்டுக் கவிழ்த்துக் காட்டினேன். குழந்தைக்கும் கவிழ்த்துக் காட்டினேன். தோசைக்கு அதையே தொட்டுக்கொண்டோம். வெள்ளரிக்காயைத் துருவிப் போட்டுக் கடுகு தாளித்தேன். மிச்சத்தில் கோழியை ஊறவைக்கலாமா என்று கேட்ட கணவரை மாமியார் விரட்டிவிட்டு, இடியாப்பம் போலச் சந்தகை பிழிந்து, நாட்டுச்சர்க்கரையும் கெட்டித் தயிரும் பிசைந்து சாப்பிட்டுப் பார்த்தார். "அட, இது நல்லா இருக்குது!"

மதியம் அரிசிம்பருப்பு சாதத்தைக் குழைய மசித்து அதன் மேல் ஒரு கரண்டி தயிரை வைத்தோம். ஊட்டவில்லை. தட்டை மகள் முன்னால் தள்ளிவிட்டு, பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தயிரைப் பிடித்தாள். கூடவே சோறும் ஒட்டிக்கொண்டு வந்தது. வாய்க்குள் போனது. வெளியே வரவில்லை.

திங்கள் மதியம் அலுவலகத்திலிருந்து பயந்துகொண்டே அழைத்தேன்.

"தட்டு காலி அம்மணி. மூக்குல, காதுல எல்லாம் தயிரு. தொடச்சுவிட்டேன், தூங்குறா."

"என்னைத் தேடினாளுங்களா அத்தை?"

"அட போ கண்ணு, ஒரு தடவைகூடத் தேடலை!"

கைப்பேசியை வைத்துவிட்டுச் சிரித்தேன். கொஞ்சமாவது தேடியிருக்கலாம், கழுதை. பக்கத்து இருக்கைப் பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள். "என் பொண்ணு சாப்பிட்டுட்டா!" என்றேன், அந்தத் தளம் முழுக்கக் கேட்கும்படி.