அப்பா ஏறாத பைபாஸ்

பைபாஸ் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்க்காரர்கள் பாதி வாழ்க்கையை ஓட்டிவிடுவார்கள். உடுமலைக்குள் நுழையாமல் போகிற பஸ் பைபாஸ். கெட்டுப்போன ஸ்டெபிலைசரை விட்டுவிட்டு ஃபிரிட்ஜுக்கு நேராகக் கரண்ட் கொடுத்தால் அதுவும் பைபாஸ். சரவணம்பட்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், மேனேஜரிடம் சொல்லாமல் அவருக்கு மேலே இருப்பவருக்கு மெயில் தட்டினால் அதற்கும் அதே பேர்தான்.

அப்பாவுக்கு மட்டும் ஒரே அர்த்தம்: எங்கள் தென்னந்தோப்பை ரெண்டாக வகுந்துகொண்டு போகும் ரோடு. அதற்கு நிலம் தர முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் பக்கத்துத் தோப்புச் சித்தப்பா. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. கோயமுத்தூர் போவதென்றாலும் அப்பா சந்தைக் கூட்டத்தில் ஊர்ந்து பழைய ரோட்டில்தான் போவார். அப்படி ஒரு வீம்பு!

ஆகவே நெஞ்சுவலி என்று காட்டப் போன இடத்தில் டாக்டர், "பைபாஸ் பண்ணீரலாங்க" என்றதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"நமக்கு அந்தப் பேரே ஆகாதுங்க. மாத்திரை குடுங்க, போதும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன்.

அடுத்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். காரில் படுக்கவைத்து நான்தான் ஓட்டினேன். வேர்வையில் நனைந்து கண்ணை மூடிக் கிடந்த மனிதர் அப்போதும், "பழைய ரோட்டுலயே போ அம்மணி" என்றார்.

"சரிங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே பைபாஸில் திருப்பி மிதித்தேன். போயிராதீங்கப்பா, போயிராதீங்கப்பா என்று வழியெல்லாம் அழுதேன்.

ஆபரேஷன் முடிந்து நினைவு திரும்பியதும் அவர் கேட்டது, "எந்த ரோட்டுல வந்தோம்?"

"பழைய ரோட்டுலதானுங்கப்பா."

"அதான் பொழச்சேன்."

ஆப்பிளும் சாத்துக்குடியுமாகப் பார்க்க வந்த சொந்தபந்தம் அத்தனைக்கும் இதே கதைதான். ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பார்க்காதவனை எங்கள் பக்கம் சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். கதை காதில் விழுந்ததோ என்னவோ, ஒருநாள் சித்தப்பாவும் வந்தார். உள்ளே வராமல் கதவோரமே நின்றார். அவர் வீட்டு வாசல் பைபாஸைப் பார்த்துத்தான் இருக்கிறது என்பது அப்பாவுக்குத் தெரியாதா?

"எந்த ரோட்டுல வந்தே?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"பழைய ரோட்டுலதானுங்கண்ணா."

அப்பா மெதுவாகக் காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டார்.

"அதான் வந்து சேர இத்தன வருசமாயிருச்சாட்ட இருக்குது. உக்காரு."